வாபஸ் வாங்க முடியாத ஜெபம்

சனிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு அதே தெருவிலிருந்த ஸ்வீட்லின் வந்து கேட்டைத் தட்டினாள். தட்டிய விதத்திலேயே நல்ல சேதி இல்லை என்று தெரிந்தது. நல்ல சேதி கொண்டுவருகிறவர்கள் கொண்டியைத் தூக்கிவிட்டுத் தாங்களே உள்ளே வந்துவிடுவார்கள்.

ஞானசிகாமணி மத்தியானத் தூக்கம் கலைந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"சார், உங்க நாய் எங்க எபியக் கடிச்சிட்டு."

நாய் மாமரத்தடியில் படுத்திருந்தது. கர்னல் என்று பெயர். மகன் கிங்ஸ்டன் கனடாவுக்குப் போகுமுன் வைத்தது. ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது ஓய்வு பெற்றிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாலை ஆட்டும். வேறு யார் பெயரைச் சொன்னாலும் ஆட்டும்.

ஹெப்சிபா உள்ளேயிருந்து வந்தாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல டீச்சர். மத்தியானம் வெளிய விளையாடிட்டிருந்தவன் அழுதுக்கிட்டு வந்தான். கெண்டைக்கால்ல ரெண்டு பல்லு பட்டிருக்கு. நாயான்னு கேட்டேன், தலைய ஆட்டுனான். கர்னலான்னு கேட்டேன், அதுக்கும் ஆட்டுனான்."

"பூனையான்னு கேட்டியா?"

ஸ்வீட்லினின் முகம் சிவந்தது.

"புள்ளைக்கு ஊசி போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கேன். ஒங்களுக்குக் கேலியா இருக்கு."

"கேலி இல்லம்மா. விடை சொல்லுத. கணக்குப் போட்ட வழிய காணுமேன்னு பாக்கேன்."

ஸ்வீட்லின் விறுவிறுவென்று திரும்பினாள். கொண்டியைப் போடாமல் போனாள்.

தெருவில் நாய்களுக்குக் குறைவில்லை. முக்கில் பரோட்டாக்கடை வந்த பிறகு ஒரு பட்டாளமே இருந்தது. ஆனால் அவற்றுக்கு முகவரி கிடையாது. முகவரி இல்லாதவன்மேல் குற்றம் சாட்டி என்ன பிரயோஜனம்? தட்டுவதற்கு ஒரு கேட் வேண்டாமா? அந்தத் தெருவில் வீடும் பெயரும் தடுப்பூசி அட்டையும் வைத்திருந்த நாய் கர்னல் ஒன்றுதான். ஆகவே அதுதான் கடித்திருக்க வேண்டும்.

மத்தியானம் கேட் சாத்தியிருந்ததா என்று ஞானசிகாமணிக்குத் தெரியாது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஹெப்சிபா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாயைக் கேட்டால் வாலை ஆட்டும்.

"போயி ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்" என்றார் ஞானசிகாமணி. "அக்கம்பக்கத்துல இருக்கோம்."

அவர் தலைமையாசிரியராக இருந்தவர். ஆனால் பாளையங்கோட்டையில் அவரை அறிந்தவர்கள் பள்ளிக்கூடத்தால் அறிந்தவர்கள் அல்ல, ஜெபத்தால் அறிந்தவர்கள். ஊரில் ஜெபம் பண்ணத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இவர் ஜெபம் தனி ரகம். வீட்டுப் பிரதிஷ்டையா, ஆபரேஷனுக்கு முந்தின நாளா, பெண் பார்க்கப் புறப்படும் வேனா, போர் போடும் இடமா, எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார்கள். குருவானவர் ஊரில் இருக்கும்போதே இவரைக் கூப்பிட்டவர்கள் உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பிறர் சொன்னால் மறுத்ததும் இல்லை. ஒரு வருஷம் மழைக்காக ஜெபித்தார். ஆற்றில் வெள்ளமே வந்தது. அதற்கு அவர்தான் காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதில் அவருக்கு லேசான மனவருத்தம்.

அவர் ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் துதி, பிறகு நன்றி, அதன்பின் பாவ அறிக்கை, கடைசியில் விண்ணப்பம். பாவ அறிக்கை இல்லாத ஜெபம் உப்பு போடாத பழையது என்பார். எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே ஒரு பாவத்தைக் கண்டுபிடித்து அறிக்கையிட்டுவிடுவார். ஒருமுறை ஒரு பிரதிஷ்டையில் வீட்டுக்காரர் வாங்கிய லஞ்சத்தையே 'நாங்கள் அறிந்தும் அறியாமலும் சேர்த்த பொருள்' என்று சேர்த்துவிட்டார். வீட்டுக்காரர் உருகி ஆமென் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் போனார்கள். ஹெப்சிபா கையில் ரொட்டி, ஆப்பிள், ஹார்லிக்ஸ் பாட்டில்.

"போறோம், புள்ளையப் பாக்கோம், வாறோம்" என்றாள் வழியில். "நாய் கடிச்சிச்சுன்னோ கடிக்கலன்னோ ஒங்க வாயிலருந்து ஒரு சொல்லு வரப்பிடாது."

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

"சின்னப் புள்ளைன்னா பரவால்லையே. தலைய ஆட்டிட்டுப் பேசாம இருந்துரும்."

ஸ்வீட்லின் வீட்டில், குருவானவருக்கு அடுத்தபடியாகச் சபையைக் கவனிக்கும் உபதேசியார் ஏற்கனவே வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். நாய்க்கடி என்றால் நாலு பேர் வரத்தான் செய்வார்கள். சோபாவில் எபி காலை நீட்டி உட்கார்ந்து செல்போனில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆறு வயது. கெண்டைக்காலில் கட்டு. ஹெப்சிபாவைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"டீச்சர், கர்னல் வரலியா?"

"வலியில பெனாத்துதான்" என்றாள் ஸ்வீட்லின்.

ஞானசிகாமணி சொன்ன சொல் தவறவில்லை. டீ குடித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். எபியின் தலையைத் தடவினார். நாயைப் பற்றி மூச்சு விடவில்லை. எழுந்து செருப்பை மாட்டும் நேரத்தில் ஸ்வீட்லின் சொன்னாள்:

"சார், ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

"உபதேசியார் இருக்காவல்லா" என்றாள் ஹெப்சிபா சட்டென்று. "அவியளே பண்ணட்டும்."

"நல்லாருக்கே" என்றார் உபதேசியார். "சார் நிக்கையில நானா? பகல்ல டார்ச் லைட் அடிக்கச் சொல்லுதிய."

ஞானசிகாமணி மனைவியைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

துதி நன்றாகப் போயிற்று. நன்றி அதைவிட நன்றாகப் போயிற்று. பிறகு பாவ அறிக்கை வந்தது. அந்த அறையில் கைவசம் இருந்த பாவம் ஒன்றுதான்.

"எங்கள் அஜாக்கிரதையை மன்னியும் ஆண்டவரே. எங்கள் வீட்டு மிருகஜீவனால் இந்தச் சிறு பாலகனின் பாதத்தில் உண்டான காயத்துக்காக உம் சமூகத்தில் வெட்கி நிற்கிறோம். காவலுக்கு வைத்ததே கடிக்கும் காலத்தில் வாழ்கிறோம், சுவாமி."

கடைசி வாக்கியம் அவருக்கே பிடித்திருந்தது. அங்கே குரலை இறக்கி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஏற்றினார். அந்த இடத்தில் அறையிலிருந்த அத்தனை பேரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள் என்று ஹெப்சிபா பிறகு சொன்னாள். மூடியிருந்தது அவர் கண் மட்டும்தான்.

எல்லோரும் வழக்கத்தைவிடச் சத்தமாக ஆமென் சொன்னார்கள். ஒரு ஆமென் குறைந்தது. அது யாருடையது என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரிந்தது.

ஸ்வீட்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு இது போதும் சார். ஒங்க வாயாலயே வந்துட்டு."

தெருவில் இறங்கினார்கள். அவர்தான் தொடங்கினார்.

"நான் அவகிட்டயா சொன்னேன்? ஆண்டவர்கிட்டல்லா சொன்னேன்."

"ஆண்டவர்கிட்டச் சொல்லும்போது உபதேசியாரும் பக்கத்துலதான் நின்னாவ."

"ஜெபத்துக்குன்னு ஒரு ஓட்டம் இருக்கு ஹெப்சிபா. அந்த ஓட்டத்துல வந்துட்டு."

"ஆமா. ஓட்டுன ஓட்டத்துல நாய் மேல ஏத்திட்டீய."

அதுவரை ஒருவரும் பார்த்திராத கடி, திங்கட்கிழமை காலையில் ஊரே பார்த்த கடியாகிவிட்டது. பார்க்காதவர்கள் ஜெபத்தைக் கேட்டிருந்தார்கள். ஜெபத்தைக் கேட்காதவர்கள் உபதேசியாரைக் கேட்டிருந்தார்கள். பால்காரர் கேட்டுக்கு வெளியிலேயே பாலை வைத்துவிட்டுப் போனார். அத்தனை வருஷமாகக் கர்னல் அவர் காலைத்தான் நக்கிக்கொண்டிருந்தது. நக்கியது ருசி பார்க்கத்தான் என்று இப்போது அவருக்கு விளங்கியது.

எபியும் தேறிவிட்டான். முதல்நாள் தலையை மட்டும் ஆட்டியவன் இப்போது கோர்வையாகச் சொல்ல ஆரம்பித்தான். அடுத்த ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் எழுந்து நின்று, "மிருகஜீவன் என் பாதத்தைக் காயப்படுத்திற்று" என்றான். இந்த வயதில் என்ன சுத்தமான தமிழ் என்று டீச்சர்மார் மெச்சினார்கள். எங்கே படித்தான் என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு ஐஸ்கிரீம் கிடைத்தது.

உபதேசியார் வந்து வாசலிலேயே நின்றார். கர்னல் போய் அவர் பாதத்தில் தலையை வைத்துப் படுத்தது. அவர் அசையாமல் நின்றபடி சேதியைச் சொன்னார்.

"நாய அப்புறப்படுத்திரணும்னு ஸ்வீட்லின் சொல்லுதா சார். போலீஸு கேஸுன்னு போகண்டாம்னு நான்தான் அமத்தி வச்சிருக்கேன். மாநகராட்சி வண்டிக்கு ஒரு போன் போட்டா வந்துருவானாம். அதுக்கு முன்னால நீங்களாச் செஞ்சிட்டா ஒங்களுக்கும் கௌரவம்."

அவர் போனதும் ஹெப்சிபா சொன்னாள்:

"ஒரு வரி. நாய் கடிச்சத நான் பாக்கல, ஜெபத்துல வாய் தவறிட்டுன்னு போயி ஒரு வரி சொல்லுங்க."

"ஜெபத்த வாபஸ் வாங்க முடியுமா?"

"எலெக்‌ஷன்ல நிக்கவன் மனுவ வாபஸ் வாங்குதான்லா."

"அது கலெக்டராபீஸு. இது பரலோகம்."

"பரலோகத்துக்கு உண்மை தெரியும். தெரியாதது பாளையங்கோட்டைக்குத்தான்."

அவர் குருவானவரிடம் போனார். குருவானவர் இளைஞர். கல்யாண வீடுகளில் தான் ஜெபித்து முடித்ததும், 'சாரும் ஒரு வார்த்தை' என்று சனங்கள் கேட்பதைப் பொறுத்துப் பொறுத்துப் பழகியவர். முழுக்கதையையும் அன்பாகக் கேட்டார்.

"தாராளமாச் சொல்லுங்க சார். ஞாயித்துக்கிழமை அறிவிப்பு நேரத்துல ரெண்டு நிமிஷம் தாறேன். மைக்கும் தாறேன்."

"சந்தோஷம் ஐயா."

"ஒண்ணே ஒண்ணு யோசிச்சுக்கிடுங்க. சாரு பழக்கத்துல ஜெபிச்சிட்டாருன்னா, மத்த ஜெபமெல்லாம் எதுல ஜெபிச்சதுன்னு சபையார் கேப்பாவ. ஸ்வீட்லின் வீட்டுக்காரருக்குக் கங்கைகொண்டான் கம்பெனியில வேலை கெடச்சது ஒங்க ஜெபத்துலன்னு சொல்லிட்டுத் திரியுதாவ. எத்தன ஆபரேஷன், எத்தன கல்யாணம். ஒவ்வொருத்தரும் வந்து, எங்களுக்குப் பண்ணுனது நெசமா ஓட்டமான்னு நிப்பாவ. நின்னா நிக்கட்டும் சார், உண்மைதான் முக்கியம். ஞாயித்துக்கிழமை எழுதிக்கிடவா?"

"வேண்டாம்" என்றார் ஞானசிகாமணி.

வீட்டுக்கு நடந்தே வந்தார். நடையில் விஷயம் தெளிந்தது. ஒன்று, நாய் கடித்திருக்க வேண்டும். அல்லது அவர் கண்ணை மூடி நின்று கடவுளிடம் பொய் சொல்லியிருக்க வேண்டும். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. ஆகவே நாய் கடித்தது. இவ்வளவு எளிய கணக்கை ஒரு கணக்கு டீச்சர் ஏன் போடவில்லை என்று வியந்தார்.

கேட்டைத் திறந்ததும் கர்னல் ஓடி வந்தது. அதன் கண்களை உற்றுப் பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இதற்குக் குறுகுறுத்ததாகத் தெரியவில்லை. பழகின குற்றவாளி என்று நினைத்துக்கொண்டார்.

சீவலப்பேரிப் பக்கம் வாழை குத்தகைக்கு எடுத்திருந்த பிச்சைக்கண்ணு நாய் தேடிக்கொண்டிருந்தான். புதன்கிழமை லோடு ஆட்டோவோடு வந்தான். கர்னலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான்.

"கடிக்குமா அண்ணாச்சி?"

"கடிக்கும்."

"அப்பம் சரி. ராவோட ராவா வாழைத்தாரு வெட்டிட்டுப் போயிருதானுவ. கடிக்காத நாய வச்சு நான் என்ன செய்ய?"

ஹெப்சிபா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். கடிக்காது என்று சொன்னால் இவன் கொண்டுபோக மாட்டான். இவன் கொண்டுபோகாவிட்டால் மாநகராட்சி வண்டி வரும். ஞானசிகாமணிக்கு அது புரிந்தது. அவளும் தன்னோடு சேர்ந்துவிட்டதில் ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது.

கர்னலை யாரும் தூக்க வேண்டியிருக்கவில்லை. வண்டி என்றதும் தானே ஏறிக்கொண்டது. ஒரு காதைத் தூக்கிக்கொண்டு, அணிவகுப்பைப் பார்க்கப் போவதுபோல் போயிற்று.

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன் ஞானசிகாமணி ஜெபித்தார். முடித்துவிட்டுக் காத்திருந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஆமென் வரவில்லை. ரசச் சட்டியில் கரண்டி மோதும் சத்தம்தான் வந்தது. மறுநாளும் வரவில்லை. அதன்பிறகு வரவே இல்லை. பிரமாதமாக ஜெபித்துப் பார்த்தார். சுருக்கமாகவும் ஜெபித்துப் பார்த்தார். கடைசியில் தானே ஆமென் சொல்லி முடித்துக்கொள்ளப் பழகினார். ஊரெல்லாம் ஆமென் சொல்லும் ஜெபம் தன் வீட்டு மேஜையில் மட்டும் தொங்கிக்கொண்டு நின்றது.

சனிக்கிழமைகளில் ஹெப்சிபா தூக்குவாளியில் சோறும் மீன்தலையும் எடுத்துக்கொண்டு சீவலப்பேரி பஸ் ஏறினாள். எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. வந்து அவளும் சொல்லவில்லை. புடவையில் நாய்மயிர் ஒட்டியிருக்கும்.

ஒருநாள் பிச்சைக்கண்ணு போன் செய்தான்.

"என்ன அண்ணாச்சி, கடிக்கும்னீய?"

"ஏன்?"

"தாரு வெட்ட வந்தவன் பின்னாலயே ரோடு வரைக்கும் போயி வழியனுப்பிட்டு வந்திருக்கு. அவன் ஆட்டோவுல ஏறப் பாத்திருக்கு. அவன்தான் எறக்கி விட்டுட்டுப் போயிருக்கான்."

"பொறுடே. புது இடம்லா. பைய கடிக்கும்."

"எப்பம்? நான் வாழைய அழிச்சு நெல்லு போட்ட பெறவா? சோத்துக்குத் தண்டம் அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அன்னைக்கும் நீங்க வந்து கூட்டிட்டுப் போகலன்னா ஆத்துக்கு அங்கிட்டுக் கொண்டுபோயி விட்டுருவேன். பெறகு என்னைக் கேக்கப்பிடாது."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். ஹெப்சிபா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். பிச்சைக்கண்ணுவுக்குக் காட்டில் நின்று பேசிப் பழக்கம். போனிலும் ஊருக்கே கேட்கும்.

"ஞாயித்துக்கிழமைதான ஸ்வீட்லின் வீட்டு ஸ்தோத்திர ஜெபம்?" என்றாள்.

ஊசியெல்லாம் போட்டு முடிந்து பிள்ளை சுகப்பட்டதற்கு நன்றி செலுத்தும் ஜெபம். அவர்தான் நடத்த வேண்டும் என்று ஸ்வீட்லின் சொல்லியிருந்தாள்.

"ஆமா."

"போன தடவ ஓட்டத்துல வந்துச்சுன்னீய. இந்தத் தடவையும் ஓட்டத்துல வரட்டும். நாங்கள் காணாததைக் கண்டதுபோல் சொன்னோம், மன்னியும்னு ஒரு வரி. பாவ அறிக்கைக்கு ஒங்களுக்கும் ஒரு பாவம் வேணும்லா. பழசு ஒண்ணு கையில இருக்குல்லா."

அவர் யோசித்தார். வாக்கியம் மோசமில்லை. அதைத் தானே கண்டுபிடித்திருக்கலாம்.

"அன்னைக்கு ராத்திரியே ஆட்டோ வச்சுப் போயிக் கூட்டிட்டு வந்துரலாம்" என்றாள் ஹெப்சிபா. அத்தனை வாரத்தில் அவள் அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அதே நாற்காலிகள், அதே ஆட்கள், ஒரு கேக் கூடுதல். எபி காலில் கட்டு இல்லை. கடிபட்ட இடத்தை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஆளுக்கு ஒரு முறை உச்சுக்கொட்டினார்கள்.

எபி சட்டைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து ஹெப்சிபாவிடம் நீட்டினான். பையிலேயே இருந்து விளிம்பு உதிர்ந்திருந்தது.

"இது கர்னலுக்கு."

"கிறுக்கா" என்றாள் ஸ்வீட்லின். "அதுதானடே ஒன்னக் கடிச்சிச்சு."

எபி பிஸ்கட்டைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"யாரு சொன்னா?"

"நீதானடே தலைய ஆட்டுனே."

"நீ கேட்டே, ஆட்டுனேன்."

உபதேசியார் கேக்கைப் பற்றி ஏதோ சொன்னார். ஸ்வீட்லின் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"அம்மையவே எதுத்துப் பேசுதான். சார் தாத்தா அன்னைக்கு ஜெபத்துல ஏசப்பாகிட்டச் சொன்னாவல்லா? அவிய பொய் சொல்லுவாவளா? பேசாம கண்ண மூடு. சார், நீங்க ஆரம்பிங்க."

ஞானசிகாமணி எழுந்தார். கண்ணை மூடினார். மூடுவதற்கு முன் ஹெப்சிபாவின் கையில் பிஸ்கட் இருப்பதைப் பார்த்தார்.

துதி நன்றாகப் போயிற்று. நன்றியை வழக்கத்தைவிட நீட்டினார். ஊசிக்காக நன்றி சொன்னார். ஊசி போட்ட நர்சுக்காக, ஊசியைக் கண்டுபிடித்தவருக்காக, ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவுக்காக நன்றி சொன்னார். நன்றி சொல்ல இனி எதுவும் மிச்சமில்லை. அடுத்தது பாவ அறிக்கை.

வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. நாங்கள் காணாததை. அதைச் சொன்னால் கர்னல் இன்றிரவு மாமரத்தடியில் கிடக்கும். மேஜையில் ஒரு ஆமென் திரும்பி வரும். உபதேசியார் கண்ணைத் திறப்பார். நாளைக் காலையில் பால்காரர் வரைக்கும் தெரிந்துவிடும். இத்தனை வருஷத்துக் கல்யாணங்களும் ஆபரேஷன்களும் வரிசையில் வந்து கேட்டைத் தட்டும்.

"எங்கள்…" என்றார். குரலை இறக்கினார். அப்படியே நிறுத்தினார். அவர் ஜெபத்தில் அவ்வளவு நீளமான நிறுத்தம் அதுவரை வந்ததில்லை. இதுவும் ஒரு நயம் என்று நினைத்து யாரோ மெதுவாக, "ஆமென் ஆண்டவரே" என்றார்கள்.

சின்னக் காலடிச் சத்தம் தரையில் பட்டுக்கொண்டு வந்தது. வேட்டியை ஒரு கை பிடித்து இழுத்தது. ஞானசிகாமணி கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

"தாத்தா, கர்னல் என்னக் கடிக்கும்போது நீங்க எங்கன நின்னு பாத்தீய?"